அக்காளைத் தயார் செய்தல்

மீனாட்சிபுரம்,
மாசி, 1974

சித்திரபுரத்துக் குளிரிலும் தம்பியை மறவாத அக்காள் அவர்களுக்கு, காளிச்சாமி கும்பிட்டு எழுதுவது. இங்கே நாங்களும் மாடு கன்றும் சுகம். உங்கள் சுகத்துக்கும், மச்சானின் முழங்கால் வலிக்கும், கரண்ட் ஆபீஸ் வேலையில் இருக்கும் உங்கள் மகன் சென்னிமலையின் சுகத்துக்கும் எழுதவும்.

அக்கா, ஒரு விஷயம். என் மகள் கமலாத்தாளைச் சென்னிமலைக்கு வைகாசியில் முடிக்கலாம் என்று பேசி வைத்தோமே, அதைப் பற்றியது. ஆனால் இப்போது சொல்லமாட்டேன். முதலில் உங்களைத் தயார் செய்ய வேண்டும். இது இங்கிலீஷ் முறை.

கமலாத்தாள் காலேஜ் பாடத்தைச் சத்தம் போட்டுப் படிப்பாள். நான் பால் கறந்துகொண்டே கேட்பேன். 'தி மதர் பிரிப்பேர்டு தி சைல்டு ஃபார் ஸ்கூல்.' தாய் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குத் தயார் செய்தாள். ஃபார் போட்டால் இன்ன காரியத்துக்கு, டூ போட்டால் இன்னது செய்ய. பரீட்சைக்கு, பிரயாணத்துக்கு, கெட்ட சேதிக்குக்கூட ஒருத்தரை இன்னொருத்தர் தயார் செய்யலாமாம்! வெள்ளைக்காரன் லேசுப்பட்டவனா? நாம் காப்பி தயார் செய்வோம், தீவனம் தயார் செய்வோம். ஆளைத் தயார் செய்கிறோமா? பொசுக்கென்று போட்டு உடைத்துவிட்டு, அப்புறம் தண்ணீர்ச் சொம்போடு ஓடுகிறோம்.

அந்தப் பாடம் படித்த கையோடு, "ஏனுங்கப்பா, எனக்கு இப்பக் கல்யாணம் வேண்டாமுங்க. வாத்தியார் படிப்புப் படிக்கோணும்" என்றாள். சென்னிமலைதான் மருமகன் என்று ஒற்றைக்காலில் நிற்கும் அவள் ஆத்தாள் மருதாத்தாளிடம் இதைச் சொல்ல நானாச்சு என்று அடுப்படிக்குப் போய், "இந்தா பாரு, மனசைத் திடப்படுத்திக்க. ஒரு சேதி" என்றேன். அவ்வளவுதான். "ஐயோ, எங்கப்பா!" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாளே பார்க்கணும்! பக்கத்துப் பெண்டுகள் ஓடிவந்து ஒப்பாரி எடுத்துட்டாங்க. ஊடு கொள்ளாத சனம். மொய்தீன் ராவுத்தர் கடையைப் பாதி சாத்திட்டு வந்து, "எப்ப எடுக்கறாங்க?" என்கிறார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, "ஏப்பா, ஆரு போனது?" என்று கேட்கிறார் எங்க மாமனார்!

சமாசாரத்தைச் சொன்னேன். மருதாத்தாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அட, இவ்வளவுதானுங்களா? புள்ள படிக்கட்டும்" என்று விட்டாள். எத்தனை கெஞ்சினாலும் மசியாதவள்! என்ன பாஷை அக்கா அது!

ஆகையால் நீங்களும் மனசைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள். மச்சானைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். விஷயம் இன்னதென்று நான் இன்னும் சொல்லவில்லை என்பது ஞாபகம் இருக்கட்டும். தயார் என்று ஒரு கார்டு போட்டால் சொல்லிவிடுகிறேன். உங்களை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்? நீங்கள் கோபித்துக்கொண்டு பேசாமல் போனால் நான் தாங்கமாட்டேன்.

மச்சானுக்கு என் கும்பிடு. மாரியாத்தா உங்களை ஒரு குறையும் இல்லாமல் வைக்கட்டும்.

இப்படிக்கு,
தம்பி காளிச்சாமி

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது சென்னிமலையே பஸ்ஸில் வந்து இறங்கினான். மறையூர்ப் பக்கம் அவனுக்கு வேறு பெண் பார்த்து, வெற்றிலை பாக்கும் மாற்றியாச்சாமே? சொல்லக் கூச்சப்பட்டு அவனையே அனுப்பினீர்களாமே? என் மகளுக்கு என்ன குறைச்சல், மூக்கா, முழியா? பி.ஏ. படிக்கிற பிள்ளையை வேண்டாமென்று சொல்ல உங்களுக்கு எப்படி மனசு வந்தது? அந்த வெட்கம் கெட்டவளோ அவனுக்குக் காப்பி கொடுத்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறாள். மேலே எழுதியதையெல்லாம் கிழித்து அடுப்பில் போடவும். வைகாசியில் கல்யாணம் நடந்தே ஆகணும்!