பேயை யாரும் பார்க்கவில்லை

எந்த ஆள் எதற்குப் பயப்படுவார் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிட முடியும் என நான் நம்பிக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. காலம் என்றால் அப்படியொன்றும் நீண்ட காலம் இல்லை. பட்டச் சான்றிதழ் கைக்கு வந்த அன்று தொடங்கி, போர்ட் பிளேரில் ஒரு பேய்ப் படத்தின் இடைவேளைக்குப் பத்து நிமிடம் முன்பு முடிந்துபோனது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலைத் தாண்டி உள்ளே போன முதல் ஆள் நான். (அப்பாவும் போயிருக்கிறார், கூரை மாற்ற.) அவரும் அம்மாவும் நிக்கோபாரின் கட்சால் தீவில் ரப்பர் பால் வெட்டியவர்கள். சுனாமிக்குப் பிறகு போர்ட் பிளேரின் டெய்ரி ஃபார்ம் பகுதியில் ஒரு தகர வீட்டுக்கு வந்து, கிடைத்த வேலையைச் செய்து என்னைப் படிக்க வைத்தார்கள். நான் படித்தது ஊடகவியல். மூன்று வருடம் படித்ததில் என்ன கிடைத்ததோ இல்லையோ, வீட்டில் எல்லோருக்கும் எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லும் வியாதி மட்டும் நன்றாகவே கிடைத்தது.

அப்போது உள்ளூர் இணையச் சேனல் ஒன்றில் ஒரே ஒரு வேலை காலியாக இருந்தது. கடைசிச் சுற்றில் நானும் இன்னொரு பெண்ணும். சேனலை நடத்திய தாஸ் சார் ஆளுக்கு ஒரு பரீட்சை வைத்தார். எனக்கு வந்தது பேய்ப் படம். ஒரு காலத்தில் ஊரையே நடுங்க வைத்த பழைய படம் ஒன்றை மறுபடி எடுத்திருந்தார்கள். (பெயர் வேண்டாம்; எடுத்தவர்கள் பாவம்.) அதைப் பார்க்கிறவர்கள் எப்படிப் பயப்படுகிறார்கள் என்று மூன்று நிமிட வீடியோ செய்து கொடுக்க வேண்டும்.

"பழைய படத்தைப் பாத்தவங்க இருந்தா இன்னும் அச்சா" என்றார் தாஸ் சார். "ஆனா முகத்துல டர் தெரியணும். டர் சாஹியே, டர்!"

பயம் வேண்டுமாம். நான் சிரித்துக்கொண்டேன். என் வீட்டிலேயே இரண்டு பேர் இருக்கிறார்கள்! அம்மா அந்தப் பழைய படத்தைக் கட்சாலில், கோயில் திருவிழாவில் வேட்டியைத் திரையாகக் கட்டிப் போட்டபோது பார்த்தவள். படிக்காதவள் வேறு. படிக்காதவர்கள் பேய்க்குப் பயப்படுவார்கள் என்பது என் ஆராய்ச்சி முடிவு. ஆராய்ச்சியைத்தான் இன்னும் செய்யவில்லை.

அன்று காலை அடுப்படியில் ஒத்திகை நடந்தது.

"பேய் வர்றப்போ கண்ணை மூடிக்கம்மா. கொஞ்சம் கத்து."

"கண்ண மூடிக்கிறதுக்கு எதுக்குடி டிக்கெட்டு?"

"பழைய படத்துல பயந்தியா இல்லையா?"

"எங்க பயந்தேன்? பாவமாத்தான் இருந்திச்சு. கெணத்துக்குள்ளயே கெடந்து கெடந்து தலையெல்லாம் ஒரே சிக்கு. ஒருத்தி எண்ண தடவிவிட்டிருந்தா பேசாமப் போயிருக்கும் அது."

அப்பாதான் கைகொடுத்தார். "நா கத்துறேன் பாப்பா. எவ்ளோ நேரம் கத்தணும், சொல்லு."

பயம் என்பது வெறும் ஒளியும் ஒலியும் செய்கிற வேலை, மூளைக்கு அது தெரிந்துவிட்டால் உடம்பு அசையாது என்று இருவருக்கும் ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். "நான் முன் வரிசையில கேமராகிட்ட இருப்பேன். எனக்கெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்று முடித்தேன். அம்மா கருவாட்டைத் திருப்பிப் போட்டாள்.

மூன்று மணிக் காட்சி. சின்னத் தியேட்டர். திரைக்கு எதிரே இருக்கைகள் படிப்படியாக மேலேறிப் போகும். நடுவில் இருக்கைகள், இரு பக்கமும் படிக்கட்டு. வெளியே போகும் கதவுகள் கீழே, திரைக்கு இரு புறமும். மேலாளரிடம் அனுமதி வாங்கி, படம் பிடிக்கிறோம் என்று வாசலில் எழுதி ஒட்டிவிட்டு, இருட்டிலும் எடுக்கிற சேனல் கேமராவைத் திரைக்குக் கீழே பார்வையாளர்களை நோக்கி நிறுத்தினேன். அப்பாவும் அம்மாவும் ஐந்தாவது வரிசை ஓரம். அரங்கம் முக்கால்வாசி நிறைந்திருந்தது. சுற்றுலா வந்தவர்கள், அரசு ஊழியர்களின் குடும்பங்கள், கல்லூரிக் கூட்டம் என எல்லாம் கலந்து.

முதல் அரை மணி நேரம் பேய் தன்னால் ஆனதைச் செய்தது. கதவைத் தட்டியது, கண்ணாடியில் வந்தது, கூரையில் தலைகீழாக ஊர்ந்தது. கல்லூரிக் கூட்டம் கத்தியது. கத்திய பிறகு சிரித்தது. "பழசு மாதிரி வராது" என்று பின்னாலிருந்து ஒருவர் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தீர்ப்புச் சொன்னார். அப்பா வாக்குக் கொடுத்தபடி இரண்டு முறை கத்தினார், இரண்டு முறையும் பேய் போன பிறகு. நான் திரும்பி அம்மாவைப் பார்த்தேன். வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தாள். என் வேலை அந்தப் பொட்டலத்தோடு சேர்ந்து தீர்ந்துகொண்டிருப்பது எனக்குத் தெரிந்தது.

பழைய படத்தில் பேய் கிணற்றிலிருந்து வருமாம். புதிய படத்து இயக்குநருக்குக் கிணறு போதவில்லை. கடலிலிருந்து வரவைத்திருந்தார். இடைவேளைக்கு முன் அந்தக் காட்சி. பாட்டு நிற்கிறது. சத்தமே இல்லை. கரையில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். அவர்களுக்குப் பின்னால் கடல் மெதுவாக உள்ளே போகிறது. போய்க்கொண்டே இருக்கிறது. பாறைகள் தெரிகின்றன, மணலில் மீன்கள் துள்ளுகின்றன, பிள்ளைகள் மீன் பொறுக்க ஓடுகிறார்கள்.

கல்லூரிக் கூட்டம் பேய்க்காகக் காத்திருந்தது. நடு வரிசையில் ஓர் ஆண்குரல் மட்டும், பக்கத்திலிருப்பவரிடம் சொல்வதுபோல மிகச் சாதாரணமாகச் சொன்னது:

"தண்ணி வத்துது."

அப்புறம் யாரோ, "மேல! மேல!" என்றார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். சுனாமி வந்தபோது எனக்கு இரண்டு வயது. அம்மா என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு ரப்பர் மேட்டில் ஏறியது எனக்கு நினைவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எந்தக் கடற்கரைக்குப் போனாலும், பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்கும் முன்பு அம்மா ஒரு பாடம் ஒப்பிக்க வைப்பாள். தண்ணி பின்னால போனா என்ன செய்யணும்? மேல போகணும். பையை எடுக்கக் கூடாது. கதவைப் பூட்டக் கூடாது. யாரையும் தேடக் கூடாது. மேல போகணும், அவ்வளவுதான். வாய்ப்பாடு மறந்தாலும் இது மறக்காது.

நான் ஓடினேன் என்று சொன்னால் அது ஓட்டத்துக்கு அவமானம். படிக்கட்டு இருப்பதே நினைவில்லை. முன் வரிசையிலிருந்து இருக்கைகளின் மேலேயே ஏறினேன். ஒருவருடைய தோளில் கால் வைத்தேன். ஓர் அம்மையாரின் பாப்கார்ன் முழுவதும் என் சுடிதாரில். "அரே! க்யா ஹுவா?" என்று கேட்ட ஒரு பெரியவரின் மடியில் ஒரு நொடி உட்கார்ந்துவிட்டு மறுபடி ஏறினேன். கடைசி வரிசைக்குப் பின்னால் சுவர் வந்துவிட்டது. சுவர் வராமலிருந்தால் கூரைக்குப் போயிருப்பேன்.

விளக்குகள் எரிந்தன. படம் நின்றது. தீப்பிடித்துவிட்டதோ என்று சுற்றுலா வந்தவர்கள் பாதிப் பேர் கீழே கதவுப் பக்கம் முட்டிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் பன்னிரண்டு பதின்மூன்று பேர் மட்டும் உச்சியில் சுவரோடு ஒட்டி நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தோம். ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

முதலில் பேசியவர் நரைத்த மீசைக்காரர் ஒருவர். "நாங்க காமோர்ட்டா தீவு. நீங்க எந்தப் பக்கம்?"

"கட்சால்" என்றார் எனக்குப் பக்கத்தில் நின்ற பெண்மணி.

"நாங்களும் கட்சால்தான்!" என்று அந்தக் கோடியிலிருந்து அப்பாவின் குரல்.

அப்புறம் சிரிப்பு வந்தது. நின்று அடங்கி மறுபடி வந்தது. மீசைக்காரர் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். அம்மா எங்கே என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது. பார்த்தால் கடைசியாக, தனியாக, ஒரு கையால் புடவையைத் தூக்கிப் பிடித்தபடி கீழேயிருந்து படியேறி வந்துகொண்டிருந்தாள்.

"மெதுவா வாரீங்களே" என்று மீசைக்காரர் அவளைக் கேலி செய்தார். "இன்னேரம் தண்ணி புடிச்சிருக்கும்."

மேலாளர் மேலே வந்து, "இது சினிமாங்க" என்றார். அந்த வரியை நான்தான் சொல்லியிருக்க வேண்டும். அதற்குத்தான் மூன்று வருடம் படித்தேன்.

மறுநாள் தாஸ் சார் அலுவலகத்தில் வீடியோவைப் பார்த்தோம். பாப்கார்ன் பறந்த இடத்தில் மேசையைத் தட்டினார். மடியில் உட்கார்ந்த இடத்தில் நாற்காலியை விட்டு எழுந்தார். "கமால் ஹை! மேலே பாட்டு ஒண்ணு போடு, லட்சம் பேர் பாப்பாங்க. வேலை உனக்குத்தான், போ." நானும் சிரித்தேன். வேலை கிடைத்துவிட்டதே! அப்போது அவர், "யே ஔரத் கௌன்? யாரு இந்தப் பொம்பளை? எல்லாரும் மேல போறாங்க, இது மட்டும் கீழ வருது. இதையும் போடு, செம காமெடி" என்று திரையின் ஓரத்தைக் காட்டினார்.

எல்லோரும் மேலேறுகிறார்கள். ஒரே ஒருத்தி மட்டும் இடது படிக்கட்டில் இறங்கி வருகிறாள். திரையைப் பார்த்து, கடலைப் பார்த்து இறங்குகிறாள். ஓர் ஆள் இடித்துவிட்டுப் போகிறான். சுவரைப் பிடித்துக்கொண்டு மறுபடி இறங்குகிறாள். முன் வரிசைக்கு வந்து, நான் உட்கார்ந்திருந்த இருக்கையைக் கையால் தடவிப் பார்க்கிறாள். குனிந்து அடியில் பார்க்கிறாள். பிறகு கேமராவுக்கு வெகு அருகில் அவள் முகம். வாய் அசைகிறது. அந்தக் கூச்சலில் கேட்கவில்லை, ஆனாலும் என் பெயரைப் படிக்க முடிந்தது. சத்யா, சத்யா.

அவளுக்குப் பின்னால், தூரத்தில், ஒருத்தி ஒரு பெரியவரின் மடியிலிருந்து எழுந்து மேலே போய்க்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு எடுத்து வந்து அம்மாவிடம் காட்டினேன். அவள் அனுமதி வேண்டும் என்று தாஸ் சாரிடம் சாக்குச் சொல்லியிருந்தேன். அப்பா என்னுடைய ஏற்றத்தை மூன்று முறை ஓடவிட்டு ரசித்தார். அம்மாவின் பகுதி வந்ததும் நான் அவள் பக்கம் திரும்பினேன்.

"யாரையும் தேடக் கூடாதுன்னு நீதானம்மா சொல்லிக்குடுத்த?"

"அது ஒனக்குச் சொன்னது" என்றாள் அம்மா. "எனக்கா சொன்னேன்?"

பிறகு அவளே கேட்டாள். "இதப் போட்டா வேலை குடுப்பாங்களா?"

"குடுப்பாங்க."

"அப்ப போடேன். சிரிச்சிட்டுப் போறாங்க. எனக்கு என்ன தேயுது?"

அந்த வீடியோவை நான் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் நான் தாஸ் சாரிடம் கொடுத்தது வேறு வீடியோ. உச்சி வரிசை ஆட்களைத் தேடிப் போய் இரண்டு நாளாக எடுத்தது. படம் எப்படி இருந்தது என்று மட்டும் கேட்டிருந்தேன். மீன் அப்படித் துள்ளாது என்றார் மீசைக்காரர். அந்தப் பிள்ளைகளைக் கூப்பிட ஒரு பெரிய ஆள் கூடவா கரையில் இல்லை என்று கோபப்பட்டார் கட்சால் பெண்மணி. அம்மாவின் விமர்சனம் கடைசியில்: "படம் எடுத்த தம்பிய யாரோ நல்லா ஏமாத்தியிருக்காங்க. தண்ணி போறப்போ சத்தமே இல்லாம இருக்குமா? மூச்சு இழுக்கிற மாதிரி ஒரு சத்தம் வரும். அது வந்திருந்தா நா இன்னும் சீக்கிரம் எந்திரிச்சிருப்பேன்."

தாஸ் சார் முழுவதும் பார்த்தார். "பூத் எங்கே? பேயைப் பத்தி ஒருத்தர்கூடப் பேசலையே?"

"யாரும் பாக்கலை சார்."

வேலை அந்த இன்னொரு பெண்ணுக்குப் போயிற்று. அவள் நன்றாகவே செய்கிறாள், பார்ப்பேன். எனக்கு எட்டு மாதம் கழித்து வேறோர் இடத்தில், இதைவிடக் குறைந்த சம்பளத்தில் ஒரு வேலை கிடைத்தது. பயம் என்றால் என்ன என்று இப்போது யாருக்கும் நான் விளக்குவதில்லை. மற்ற விஷயங்களை விளக்குகிறேன், வியாதி அவ்வளவு எளிதில் போகாது.

வீட்டில் மட்டும் அந்தப் படம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ரங்கத் என்ற ஊரிலுள்ள சித்தி வீட்டுக்குப் போகப் பேருந்து நிலையத்தில் நின்றால் போதும், வண்டி வந்து நிற்பதற்குள் அம்மா என் முதுகில் கை வைத்துத் தள்ளுவாள். "போ போ, ஏறிப் புடி. ஆள் மேல ஏறிப்போய் எடம் புடிக்க ஒன்ன விட்டா யாரு?" நான் ஏறி மூன்று சீட்டுப் பிடித்துக் கொடுப்பேன். அப்புறம் ரங்கத் போகும் வரை, பக்கத்து சீட்டில் யார் இருக்கிறாரோ அவருக்குக் கதை நடக்கும். தெலுங்குக்காரர், வங்காளி, யாராக இருந்தாலும் அம்மாவின் இந்தியில் பாப்கார்ன் பறக்கும், பெரியவரின் மடி வரும், படித்த மகள் சுவரில் முட்டி நிற்பாள். கேட்கிறவர் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்.

"ஔர் ஆப்?" என்று போன வாரம் ஒரு வங்காளப் பெண்மணி கேட்டுவிட்டார். நீங்கள் என்ன செய்தீர்கள்?

"அம்மா கீழே இறங்கி வந்தாங்க" என்று நான் ஆரம்பித்தேன். "என்னைத் தேடி..."

"அவ கெடக்கா" என்று அம்மா என்னைக் கையமர்த்திவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு இந்தியில் சொன்னாள். "என் ஒத்தைச் செருப்பு கீழே விழுந்துவிட்டது. அதை எடுக்கப் போனேன்."