மூச்சுவிட்ட குளுக்கோஸ் தொட்டி

"குளுக்கோஸ் தொட்டியின் மூடி திறந்திருக்கையில், பூ உட்பட வெளிப்பொருள் எதுவும் அருகே வரக்கூடாது." இந்த விதியை எழுதியவன் நான்.

கும்மிடிப்பூண்டியில், பொன்னேரி நொய்யரிசியைக் கூழாக்கி, நொதி சேர்த்துக் குளுக்கோஸ் எடுக்கும் ஆலை எங்களுடையது. மாவுச்சத்தின் நீண்ட சங்கிலியைத் துண்டு துண்டாக நறுக்கிவிட்டு, தான் கொஞ்சமும் கசங்காமல் வெளியே வரும் ஆசாமிதான் நொதி. (நான் அப்படி வரவில்லை.)

ஓய்வுக்கு ஒரு மாதம் இருந்தது. ஓராண்டுப் பணி நீட்டிப்பு கேட்டிருந்தேன். "புது நொதி போட்ட முதல் தொட்டி எப்படி வருதுன்னு பார்த்துட்டு பதில் அனுப்பறேன்" என்றார் டைரக்டர். அந்தத் தொட்டி பாதி வெந்திருக்கையில் ஆயுத பூஜை வந்தது. பூஜை போட்ட இயந்திரத்தை விஜயதசமி முடியும்வரை எங்கள் ஆலையில் யாரும் தொடமாட்டார்கள். கொதிகலனை அணைத்தோம். தொட்டிக்கு நானே சாமந்தி மாலை போட்டேன். வழுக்கி வழுக்கி விழுந்ததால், மூடியைச் சற்றே தூக்கி, மாலையின் ஒரு முனையை உள்ளே செருகி மூடினேன். பார்க்க அம்சமாக இருந்தது.

விடுமுறை முடிந்த காலை. வாசலிலேயே வாட்ச்மேன் முனுசாமி மறித்தார்.

"உள்ள போவாத சார். தொட்டிக்குள்ள யாரோ கீறாங்க. மூச்சு வுட்டுக்கினு தட்றாங்க."

"தொட்டிக்குள்ள இருக்கிறது விஞ்ஞானம், முனுசாமி."

"இன்னாவோ ஒண்ணு. நான் வரமாட்டேன்."

எந்த இயந்திரமும் ஓடாத ஆலை அவ்வளவு பெரியது என்று எனக்கு அதுவரை தெரியாது. என் செருப்புச் சத்தம் எனக்குப் பின்னால் இன்னொருவர் நடப்பதுபோலக் கேட்டது. டக். நின்றேன். டக். தொட்டியின் மூடி மெல்ல எழுந்து, நீளமாகப் பெருமூச்சு விட்டு, அமர்ந்தது. மேலே கிடந்த மாலை, தூங்குபவரின் மார்பில் கிடப்பதுபோல ஏறி இறங்கியது. பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு இரண்டும் என்னையே பார்த்தன.

விஞ்ஞானத்தை நிரூபிக்க மூடியைத் திறந்தேன். உள்ளிருந்து வெதுவெதுப்பாக ஏதோ சீறி வந்து என் முகத்தைத் தழுவியது.

ஓடினேன். வாசலில் குங்குமம் தடவி உடைத்துப் போட்டிருந்த பூசணிக்காயில் கால் வழுக்கி, குங்குமக் கூழில் முழுதாகப் புரண்டு எழுந்தேன்.

"ஐயோ, ரத்தம்!" என்று அலறிய முனுசாமி கிட்டே வந்து மூக்கை உறிஞ்சினார். "இன்னா சார், கள்ளு நாத்தம் அடிக்குது?"

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. சூடு ஆறிய சர்க்கரைக் கூழ், அதில் என் மாலை கொண்டுபோய்ச் சேர்த்த ஈஸ்ட். அத்தனை குளுக்கோஸும் கள்ளாகிக்கொண்டிருந்தது; பொங்கிய வாயுதான் மூடியைத் தூக்கித் தூக்கிப் போட்டிருக்கிறது. விளக்க வாயைத் திறந்தபோது, டைரக்டர் காரிலிருந்து இறங்கினார். தலைமுதல் கால்வரை சிவந்து, நுரை சொட்ட, கள் மணக்க நின்ற என்னைப் பார்த்தார்.

"என்ன சார், பூஜை இன்னும் முடியலையா?"

அடுத்த மாதம் மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். நீட்டிப்புக் கடிதத்துக்கு மட்டும் பதில் இல்லை. மறு வருடம் நான் மிக்ஸிக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தேன். "மூடியைத் திறக்காதீங்க, டைரக்டர் வந்துடப்போறார்" என்றாள் மனைவி. இன்றுவரை ஒவ்வொரு வருடமும் சொல்கிறாள். அன்று அவள் சொல்லி வாய் மூடுவதற்குள் அழைப்பு மணி அடித்தது. கூரியர் பையன், ஆலையின் கடிதத்தோடு. "தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது."

பதில் வந்த தேதி: ஆயுத பூஜை.