ஜெனிஷாவைப் பற்றி நாலு நல்ல வார்த்தை

செவ்வாய்க்கிழமை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. ஒரு மனுவைக் கொண்டுபோய் வில்லேஜ் ஆபீஸில் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டேன். அதோடு வீட்டுக்குப் போயிருந்தால் இந்தப் பதிவுக்கே அவசியம் வந்திருக்காது.

என்னைத் தெரியாதவர்களுக்கு: அருமனைக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸைவிட, பாரம் நிரப்பிக் கொடுப்பதில்தான் எனக்குப் பெயர். ரேஷன் கார்டு, பாஸ்போர்ட், வாரிசு சான்று, எது வந்தாலும் நிரப்புவேன். நான் நிரப்பிய பாரம் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை என்று பதினைந்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கேட்டுக் கேட்டு வீட்டில் எல்லோருக்கும் காது புளித்துவிட்டது.

மனு ஜெனிஷாவுக்காக.

ஜெனிஷாவுக்குப் பத்தொன்பது வயது. அவள் ஆறாம் வகுப்பு படிக்கும்போது அம்மா இறந்துவிட்டார். அப்பா வேலைக்கென்று வெளியூர் போனவர். இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. பிளஸ் டூ வரை கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஹாஸ்டலில் இருந்தாள். பதினெட்டு முடிந்தால் அங்கே இருக்க முடியாது. பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்த அன்று, அவளுக்குப் போக ஒரு வீடு கிடையாது.

எங்கள் தெரு லில்லி அக்காதான் அவளைக் கூட்டிவந்தார். முந்திரிக்கொட்டை உடைக்கும் அண்டியாபீஸில் தன்னோடு வேலைக்கும் சேர்த்துவிட்டார். ஆனால் லில்லி அக்கா வீட்டில் ஒரே அறை, அதில் ஆறு பேர். அதனால் ஒரு வருடமாக ஜெனிஷா முறை வைத்துத் தூங்குகிறாள். திங்கள், செவ்வாய் லில்லி அக்கா வீடு. புதன், வியாழன் தையல்கார சரோஜா அக்கா வீடு. வெள்ளி, சனி ரப்பர் வெட்டும் தங்கையன் அண்ணன் வீடு. ஞாயிறு எங்கள் வீடு.

மனுவில் நிரந்தர முகவரி என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று எனக்கே பத்து நிமிடம் யோசனை.

அவளுக்கு நாகர்கோவில் பக்கத்தில் ஒரு கல்லூரியில் நர்சிங் இடம் கிடைத்திருக்கிறது. பெற்றோர் ஆதரவு இல்லாத பிள்ளைகள் என்றால் படிப்பு, ஹாஸ்டல், சாப்பாடு எல்லாவற்றையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். ஒரே நிபந்தனை. இந்தப் பிள்ளைக்கு ஆதரவு யாருமில்லை என்று வி.ஏ.ஓ. நேரில் விசாரித்து எழுதித் தர வேண்டும். வியாழக்கிழமை நாலு மணிக்குள் அந்தக் கடிதம் கல்லூரியில் இருக்க வேண்டும். இல்லையென்றால் இடம் வேறு ஆளுக்குப் போய்விடும்.

வி.ஏ.ஓ. புதியவர். வெளி மாவட்டத்துக்காரர். முப்பது வயதுகூட இருக்காது. மனுவை நிதானமாகப் படித்தார்.

"நாளைக்கு உங்க தெருவுக்கு வந்து அக்கம்பக்கத்துல விசாரிக்கிறேன் சார். விசாரிச்சதும் எழுதித் தந்துடறேன்."

இந்த இடத்தில்தான் என் புத்தி வேலை செய்தது.

வில்லேஜ் ஆபீஸிலிருந்து ஆள் வருகிறது என்று சொன்னால் எங்கள் தெருவில் ஒரு கதவு திறக்காது. ஒருத்தர் பின்னால் கொட்டகையை நீட்டிக் கட்டியிருப்பார். இன்னொருத்தர் வேலியை ஒரு முழம் தள்ளிப் போட்டிருப்பார். அதனால் வருவது யார் என்று சொல்லாமல் விசாரணையை முடித்துவிடலாம் என்று திட்டம் போட்டேன்.

அன்று சாயங்காலமே வீடு வீடாகப் போனேன்.

"நாளைக்கு ஒரு சாரு வருவாரு. ஜெனிஷாவைப் பத்தி கேப்பாரு. நல்லதா நாலு வார்த்தை செல்லுங்க."

லில்லி அக்கா என் தோளைத் தட்டினார். "நீ ஒண்ணுக்கும் பயப்படாத தம்பி. நாங்க பாத்துக்கிடுதோம்."

எனக்கு நிம்மதி. வரும் வழியில் ஒரு டீகூடக் குடித்தேன்.

எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். வயசுப் பிள்ளையைப் பற்றி முன்பின் தெரியாத ஆள் தெருவில் வந்து விசாரித்தால் அது கல்யாண விஷயம்தான். மாப்பிள்ளை வீட்டார் சொல்லாமல் கொள்ளாமல் வந்து பக்கத்து வீட்டில் கேட்பார்கள். அப்போது தெருக்காரர்களுக்கு ஒரே கடமை. இருப்பதோடு இல்லாததையும் சேர்த்துச் சொல்லிப் பிள்ளையைக் கரையேற்ற வேண்டும்.

இது எனக்குத் தெரியாத வழக்கம் அல்ல. என் கல்யாணமே அப்படி நடந்ததுதான். எனக்குச் சொந்தமாக பிரஸ் இருக்கிறது என்று என் தெரு சொல்லியிருந்தது. என் மனைவி வந்து பார்த்தபோது ஒரு ஜெராக்ஸ் மிஷின் இருந்தது. அதிலும் அன்றைக்கு டோனர் இல்லை.

இவ்வளவு அனுபவம் உள்ள ஆளுக்கு இது ஏன் தோன்றவில்லை என்று கேட்காதீர்கள். தோன்றவில்லை.

புதன்கிழமை பத்து மணிக்கு வி.ஏ.ஓ. வந்திருக்கிறார். வெள்ளைச் சட்டை, பைக், கையில் ஃபைல். தான் யார் என்று நான் முன்பே சொல்லியிருப்பேன் என்று நினைத்து, அவரும் அதைச் சொல்லவில்லை. அன்று அண்டியாபீஸ் லீவு, தெருவே வீட்டில் இருந்தது. ஜெனிஷா மட்டும் ஃபோட்டோ எடுக்க மார்த்தாண்டம் போயிருந்தாள். நான் கடையில் இருந்தேன். நடந்தது எல்லாம் பிறகு கேள்விப்பட்டதுதான்.

முதல் வீடு லில்லி அக்கா.

"இந்தப் பொண்ணோட அப்பா எங்க இருக்கார்?"

"பிள்ளைக்க அப்பன் குவைத்தில உண்டும் சாரே. மாசம் தவறாம போன்ல விளிப்பாரு."

"அப்ப பொண்ணு ஏன் இங்க தங்கியிருக்கு?"

"சொந்தமா மாடி வீடு கெட்டிட்டு இருக்காங்க. கெட்டி முடியட்டும்னு இஞ்ச நிக்கா."

இரண்டாவது வீடு தங்கையன் அண்ணன். "ரெண்டு ஏக்கர் ரப்பர் உண்டும் சாரே. வெட்டுறதே நான்தான்" என்று சொன்னதோடு நிற்கவில்லை. கையைப் பிடித்துக் கூட்டிப்போய் ஒரு தோட்டத்தையும் காட்டியிருக்கிறார். அந்தத் தோட்டத்தின் உரிமையாளர் திருவனந்தபுரத்தில் இருக்கிறார். அவருக்கு இதுவரை இந்தச் செய்தி தெரியாது.

மூன்றாவது சரோஜா அக்கா. டீ, ஏத்தங்கா சிப்ஸ் எல்லாம் கொடுத்து உட்கார வைத்திருக்கிறார். "நகைக்கு ஒரு கொறவும் வராது" என்று முடித்துவிட்டு, இவர் விசாரிக்க ஆரம்பித்திருக்கிறார். சாருக்குச் சொந்த வீடா, குடி உண்டுமா, அம்மைக்க சுபாவம் எப்படி, கூடப் பிறந்தவர்களில் கட்டிக்கொடுக்க யாரும் பாக்கியா.

வி.ஏ.ஓ. எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொல்லியிருக்கிறார். இந்த ஊர் ஆட்கள் பாசமாகப் பழகுகிறார்கள் என்று நினைத்தாராம்.

மத்தியானம் எனக்கு போன் வந்தது.

"சார், நீங்க மனுவுல எழுதியிருக்கிற பொண்ணும் நான் விசாரிச்ச பொண்ணும் ஒரே ஆள்தானா?"

"ஆமா சார். ஏன் சார்?"

அவர் எழுதி வைத்திருந்ததை வாசித்தார். தந்தை குவைத்தில். மாடி வீடு கட்டுமானத்தில். ரப்பர் தோட்டம் இரண்டு ஏக்கர், நேரில் பார்வையிடப்பட்டது. கேட்கக் கேட்க எனக்கே அந்தப் பிள்ளை மேல் தனி மரியாதை வந்துவிட்டது.

நடந்ததை விளக்கினேன். அவர் ஃபைலை மூடும் சத்தம் கேட்டது. பிறகு, "அதான் எங்க அம்மாவைப் பத்திக் கேட்டாங்களா?" என்றார்.

நல்ல மனிதர். கோபப்படவில்லை. "ஒண்ணு பண்ணுங்க. இன்னைக்குப் பேசினவங்கள்ல ரெண்டு பேர், இந்தப் பொண்ணுக்கு ஆதரவு யாருமில்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போடட்டும். நாளைக்கு ரெண்டு மணி வரைக்கும் ஆபீஸ்ல இருப்பேன்."

சாயங்காலம் மூன்று பேரையும் லில்லி அக்கா வீட்டு முற்றத்தில் கூட்டினேன். வந்தவர் வி.ஏ.ஓ. என்றேன்.

லில்லி அக்காவின் முகம் வாடிவிட்டது. "அப்பம் பொண்ணு கேட்டு வந்தவரு இல்லியா?"

"இல்லக்கா."

"நல்ல பயலாக்கும் தம்பி. குடியும் கெடையாது."

சரோஜா அக்கா என் பக்கம் திரும்பினார். "ஒனக்கு வாய் இல்லியா? வில்லேஜ் ஆபீஸருன்னு ஒரு வார்த்தை செல்லப்பிடாதா?"

வாய் இருந்தது. நடுவில் புத்தி வேலை செய்துவிட்டது. எழுதிக் கொண்டுவந்த பேப்பரை நீட்டினேன். 'ஜெனிஷா என்பவருக்கு ஆதரவு என்று சொல்லிக்கொள்ள யாருமில்லை என்பதை அறிவோம்.' கீழே கையெழுத்து, எங்கள் ஊர்ப் பேச்சில் ஒப்பு.

தங்கையன் அண்ணன் சத்தமாக வாசித்தார். வாசித்துவிட்டுப் பேப்பரை என் மடியில் போட்டார். "யாருமில்லன்னு நான் ஒப்பு போடவா? அப்பம் நான் ஆரு?"

"இது ஆபீஸுக்கு எழுதுறது அண்ணே."

"ஆபீஸுக்குன்னா? வெள்ளிக்கிழம எனக்க வீட்டுல சோறு தின்ன பிள்ளை. நாளைக்கு இந்தப் பேப்பரு அவ கையில கெடச்சா என்ன நெனைப்பா?"

லில்லி அக்கா அழவே ஆரம்பித்துவிட்டார். "நான் செத்தாலும் அப்பிடி எழுத மாட்டேன்."

நான் சட்டம் பேசினேன். ஆதரவு என்றால் சட்டப்படி என்ன, பாதுகாவலர் என்றால் என்ன என்று கால் மணி நேரம் விளக்கினேன். சரோஜா அக்கா எழுந்துபோய் அடுப்பைப் பார்த்துவிட்டு வந்தார்.

அப்போதுதான் ஜெனிஷா ஃபோட்டோவோடு வந்தாள். முந்திரிக் கறை பிடித்த விரலால் பேப்பரை எடுத்து வாசித்தாள். அவளுக்கு அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை.

"எக்கா, இதில எழுதியிருக்கது எனக்குத் தெரியாத விசயமா? ஒப்பு போட்டா நான் காலேஜுக்குப் போவேன். இல்லன்னா திங்கக்கிழம உங்க கூட அண்டியாபீஸுக்கு வருவேன். ரெண்டுல எது வேணும்?"

எனக்கு வெட்கமாக இருந்தது. அவளுடைய படிப்பை என் சாமர்த்தியத்துக்குக் காட்சிப் பொருளாக்கி, கடைசி நாள்வரை கொண்டுவந்து நிறுத்தியது நான். அதைச் சரி செய்ய அவளே வர வேண்டியிருந்தது.

லில்லி அக்கா மூக்கைச் சிந்திவிட்டுப் பேனாவை வாங்கினார். ஒப்பு போட்டார். பக்கத்திலேயே 'நான் உண்டு' என்றும் எழுதிவிட்டார்.

பேப்பரை மாற்ற வேண்டியதாயிற்று. நான் நிரப்பியதில் திரும்பி வந்த முதல் பாரம் அதுதான்.

புதுப் பேப்பரில் மூன்று பேரும் ஒழுங்காகப் போட்டார்கள். மூன்றோடு மடித்து வைத்திருக்கலாம். ஆனால் வியாழன் விடிவதற்குள் விஷயம் தெருவில் பரவிவிட்டது. எதிர்வீட்டுக்காரி கடைக்கே வந்தார்.

"லில்லி ஒப்பு போட்டாளாமே. ஏன், அந்தப் பிள்ளைக்கு நான் ஆருமில்லியா?"

"இது ஆருமில்லன்னு போடுற ஒப்புதான்க்கா."

"எதுவானாலும் சரி. பேப்பரைக் கொண்டா."

அவர் போட்டதைப் பார்த்து அவர் மாமியார் வந்தார். பிறகு பால்காரர், டீக்கடைக்காரர், அண்டியாபீஸ் மேஸ்திரி. ஒருவரையும் மறுக்க எனக்குத் தைரியம் இல்லை. என் மனைவி போட்டதை நான் கவனிக்கவே இல்லை.

ஒன்றரை மணிக்கு ஜெனிஷாவும் நானும் வில்லேஜ் ஆபீஸில் நின்றோம். வி.ஏ.ஓ. பேப்பரை மேலிருந்து கீழே விரல் வைத்து எண்ணினார்.

"ரெண்டு பேர் போதும்னுதானே சார் சொன்னேன்? இதுல பதினேழு பேர் இருக்காங்க."

"போடலன்னா அவங்களுக்கு வெசமமாயிரும் சார்" என்றாள் ஜெனிஷா.

அவர் அவளை ஒருமுறை பார்த்தார். பிறகு கல்லூரிக்கு போன் போட்டு, விசாரணை முடிந்தது, பொண்ணு கடிதத்தோடு கிளம்பிவிட்டது, இடத்தை வேறு யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்று சொன்னார். ஆபீஸ் முத்திரையை எடுத்தார். பேனாவைத் திறந்தார்.

'யாருமில்லை என்பதை அறிவோம்' என்பதற்குக் கீழே அவர் கையெழுத்துப் போட இடமில்லை. பேப்பரைத் திருப்பி, பின்பக்கம் 'நேரில் விசாரித்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.