தெய்வத்திரு சித்தப்பா

நாற்பத்தைந்து வயதுக்கு மேல் மனிதனுக்குக் கை நீளம் போதாமல் போகிறது. செல்போனை எவ்வளவு தள்ளிப் பிடித்தாலும் எழுத்து தெரிவதில்லை. இதற்கு வெள்ளெழுத்து என்று பெயர். எனக்கு அது வரவே இல்லை என்று ஆறு வருடங்களாகச் சாதித்துக்கொண்டிருந்தேன். (செல்போன்காரர்கள்தான் எழுத்தைச் சின்னதாக்கிவிட்டார்கள் என்பது என் கட்சி.)

இந்த வீம்போடு இன்னொரு வியாதியும் உண்டு. வார இதழ்களில் என் கட்டுரை நாலு வந்திருக்கிறது. ஆகவே நான் எழுத்தாளன். ஆகவே மகள் கல்யாணப் பத்திரிகையை வேறு யாரும் தொடக் கூடாது. நானே எழுதி, தேனியில் ஒரு அச்சகத்தில் கொடுத்தேன். புரூஃப் வாட்ஸ்அப்பில் வந்தது.

"கண்ணாடிய மாட்டிட்டுப் பாருங்க," என்றாள் மனைவி.

"நான் எழுதுனத நான் படிக்க எதுக்குடி கண்ணாடி?"

மங்கலாக, வரிசையாக, அழகாகத்தான் இருந்தது. "ஓகே, அடிங்க" என்று அனுப்பினேன். (அதையும் குரலில்தான் அனுப்பினேன். டைப் அடிக்கக் கண் தெரிய வேண்டுமே!)

எங்கள் வழக்கப்படி முதல் பத்திரிகை குலதெய்வத்துக்கு. அடுத்தது குடும்பத்தில் மூத்தவருக்கு. அப்பா காலமான பிறகு அது பண்ணைப்புரம் சித்தப்பா. மணவறையில் தாலியை எடுத்துக் கொடுக்க வேண்டியவரும் அவர்தான். "தாத்தா வரலேன்னா நான் மேடையே ஏற மாட்டேன்" என்று மகள் முன்பே சொல்லியிருந்தாள்.

வெற்றிலை பாக்குத் தட்டோடு நானும் மனைவியும் போனோம். சித்தப்பாவுக்கு வயது எழுபத்தெட்டு. கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு, போகிற எறும்பு ஆணா பெண்ணா என்று சொல்கிற பார்வை. பத்திரிகையைப் பிரித்தார். படித்தார். நிறுத்தினார். மறுபடி படித்தார்.

"ஏலே, நான் எப்பலே செத்தேன்?"

தட்டைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தேன், எனக்கு மங்கலாகத்தான் தெரிந்தது.

"ஒங்கப்பன் பேருக்கு முன்னால ஒண்ணயும் காணோம். என் பேருக்கு முன்னால தெய்வத்திருன்னு போட்டிருக்கு."

மனைவி பிடுங்கிப் பார்த்தாள். உண்மைதான். காலமானவர் பெயருக்கு முன்னால் போடுகிற அந்த ஒரு சொல் ஒரு வரி கீழே இறங்கியிருந்தது. அதில் அப்பா எழுந்து வந்துவிட்டார், சித்தப்பா போய்ச் சேர்ந்துவிட்டார்.

அடுப்படியிலிருந்து சித்தி எட்டிப் பார்த்தார். "அப்ப காலையில ஏழு இட்லி தின்னது யாரு?"

"அச்சகத்துல தப்பாப் போட்டுட்டாக சித்தப்பா."

"நீ பாக்கலையா?"

"பாத்தேன்."

"பாத்தாக மாமா. படிக்கல," என்றாள் மனைவி. (கட்டியவனைக் காட்டிக் கொடுப்பதில் அப்படி ஒரு வேகம்.)

சித்தப்பா சுவரில் சாய்ந்துகொண்டார். "பங்காளி செத்தா ஒனக்குத் தீட்டுல்ல? தலைய மழிச்சு, எனக்குப் பதினாறாம் நாள் காரியத்தப் பண்ணிட்டு, பெறகு கல்யாணத்த வையி. செத்தவன் தாலி எடுத்துக் குடுத்தா வெளங்குமா?"

விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. மேடை ஏற மாட்டேன் என்றால் என் மகள் நிஜமாகவே ஏற மாட்டாள்.

"அஞ்சூறு பத்திரிகையும் புதுசா அடிச்சிருறேன் சித்தப்பா."

"மறுபடியும் நீதான பாப்ப? இந்தத் தடவ ஒஞ்சித்தியவும் சேத்து அனுப்பிருவ. அஞ்சூறையும் இங்கன கொண்டா. கண்ணாடியயும் கொண்டா. என் முன்னால ஒக்காந்து ஒன் கையால என்னைய எழுப்பு. பெறகு வாரேன்."

மறுநாள் மூக்கில் கண்ணாடியோடு தரையில் உட்கார்ந்தேன். ஒரு வரியில் அடித்தேன், மேல் வரியில் எழுதினேன். ஐந்நூறு முறை சித்தப்பாவை எழுப்பி, ஐந்நூறு முறை அப்பாவை அனுப்பி வைத்தேன். எழுத்து அநியாயத்துக்குத் தெளிவாகத் தெரிந்தது. அந்த எரிச்சல் வேறு. சித்தப்பா ஒவ்வொன்றையும் வாங்கிச் சரிபார்த்தார்.

"இதுல அரைகொறையா எந்திரிச்சிருக்கேன். நல்லா அடி," என்று சிலதைத் திருப்பிக் கொடுத்தார்.

(குலதெய்வத்திடம் வைத்ததை மட்டும் திருத்தவில்லை. யார் வந்தார், யார் வரவில்லை என்று அங்கே தெரியும்.)

சித்தப்பா கல்யாணத்துக்கு வந்தார். தாலியும் எடுத்துக் கொடுத்தார். சம்பந்தி வீட்டாரிடம் மட்டும், "நாந்தான் தெய்வத்திரு" என்று கைகூப்பிக்கொண்டே திரிந்தார்.

இப்போதும் நான் செல்போனைத் தள்ளிப் பிடித்தால், "இன்னிக்கு யாருப்பா போறாக?" என்கிறாள் மகள். எங்கள் குடும்பத்தில் யார் பத்திரிகை அடித்தாலும் புரூஃப் என் பக்கமே வருவதில்லை. நேரே பண்ணைப்புரம் போகிறது. சித்தப்பா முதலில் தன் பெயரைத் தேடுவார். பிறகு ஒரே ஒரு வார்த்தை பதில் அனுப்புவார்:

"இருக்கேன்."

அதற்கு அப்புறம்தான் அச்சு.