எம்புட்டு அப்நார்மல்?

தமிழிலிருந்து ‘கொஞ்சம்’ என்ற சொல்லை ஒழித்துக்கட்டவே பிறந்தவர் எங்கள் மீட்டர் அக்கா. திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து ஜவுளிக்கடை ஒன்றில், ரவிக்கைத் துணிப் பிரிவில் நானும் அவரும் பதினோரு வருடம் ஒன்றாக நின்றோம். அவர் கழுத்தில் எப்போதும் அளவு டேப் தொங்கும். யார் எதைச் சொன்னாலும் “எம்புட்டு?” என்பார். அளவு சொல்லும் வரை விடமாட்டார்.

ஆயக்குடிக் கொய்யா விற்கிற அம்மாள் “நல்லா இனிக்கும்” என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. “எம்புட்டு இனிக்கும்?” என்று அக்கா நிற்பார். பதில் தெரியாமல் அந்த அம்மாள் ஒரு பழத்தையே நறுக்கிக் கொடுத்துவிடுவார். மாதா கோயிலில் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனபோது பங்குச் சாமியார், “நிறைய ஜெபம் பண்ணும்மா” என்றாராம். “நெறையன்னா எம்புட்டுச் சாமி?” அதற்குப் பிறகு அக்கா வரிசையில் நிற்பதைப் பார்த்தாலே சாமியார் எண்ணிக்கையோடு தயாராக இருப்பாராம்.

இப்படிப்பட்டவரிடம் ஒரு காகிதத்தை மறைக்கப் பார்த்தேனே, என் புத்தியைச் சொல்லுங்கள்.

கடைப் பெண்கள் எல்லோரையும் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை முகாமுக்கு அனுப்பியிருந்தார்கள். போனோம், வந்தோம், மறந்தோம். சில வாரம் கழித்து என்னை மட்டும் கூப்பிட்டு ஒரு காகிதம் கொடுத்தார்கள். ‘அப்நார்மல்’ என்று இருந்தது. அடுத்து கோல்போஸ்கோபிக்கு வரவேண்டும் என்றும் எழுதியிருந்தது. முதல் சொல்லைத் தாண்டி என் கண் நகரவில்லை. கேன்சர்தான் என்று நானே முடிவுகட்டிவிட்டேன். மகள் எட்டாம் வகுப்பு. இனி அவளுக்கு யார் சடை பின்னுவார்கள் என்பது வரைக்கும் மனசு போய்விட்டது. வீட்டுக்காரரிடம் சொல்லத் தைரியம் இல்லை. காகிதத்தை நாலாக மடித்து, கடையில் மெரூன் துணிகளுக்கு நடுவில் செருகி வைத்தேன்.

மெரூனில் ஏழு வகை பிரித்துச் சொல்லும் கண் அக்காவுக்கு. நடுவில் வெள்ளையாக ஒன்று நீட்டிக்கொண்டிருந்தால் விடுவாரா? உருவிவிட்டார்.

“என்னடி இது? கோல... கோலப்போஸ்கோபியா? கோலமா போடப் போறாக?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. புடவையோடு எதிரில் நின்ற வாடிக்கையாளர் பதறிப்போய், “மேட்சிங் கெடைக்கலன்னா போகுது விடும்மா, நான் வேற கடையில பாத்துக்கிறேன்” என்று கிளம்பியே போனார்.

அக்கா காகிதத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

“அப்நார்மல்னு போட்டிருக்கு, சரி. எம்புட்டு அப்நார்மல்னு போடலையே. அளவே தெரியாம இம்புட்டு அழுவாகளா? கெளம்பு, போயிக் கேட்டுட்டு வருவோம்.”

ஆஸ்பத்திரியில் நர்ஸ், “கூட வந்தவங்க பேரு?” என்றார். “மீட்டர் அக்கா” என்றேன். நர்ஸ் நிமிர்ந்து பார்த்தார். அக்காவே தன் பெயரைச் சொன்னார். பதினோரு வருடத்தில் அன்றைக்குத்தான் அதைக் கேட்டேன். இருந்த பயத்தில் அதுவும் மறந்துவிட்டது.

டாக்டரம்மா சின்ன வயது. அக்கா உட்காரக்கூட இல்லை.

“இவளுக்கு எம்புட்டு அப்நார்மலுங்க?”

டாக்டர் சிரிக்கவில்லை. “அதைத் தெரிஞ்சுக்கத்தாம்மா வரச் சொன்னோம். முதல் டெஸ்ட் மாற்றம் இருக்குன்னு மட்டும்தான் சொல்லும். மாற்றம்னா கேன்சர்னு அர்த்தம் இல்ல. மூணு படி இருக்கு.”

“அளக்குற படியா, ஏறுற படியா?”

“ஏறுற படிதான். முதல் படின்னா பெரும்பாலும் தானா சரியாகும், பாத்துக்கிட்டே இருப்போம். மேல போயிருந்தா அந்த இடத்த மட்டும் எடுத்துடுவோம், கேன்சர் வரைக்கும் ஏற விடமாட்டோம். தேவைப்பட்டா இன்னைக்குத் துளி சதை எடுத்து அனுப்புவேன்.”

என் காதில் ‘சதை’ மட்டும்தான் விழுந்தது. அக்காவுக்குத் ‘துளி’தான் உறுத்தியது.

“துளின்னா எம்புட்டு?”

“மிளகு அளவுகூட இருக்காதும்மா.”

வெளி பெஞ்சில் அக்கா டிபன் பாக்ஸைத் திறந்தார். வெண்பொங்கலுக்குள் விரலை விட்டுத் துழாவி, ஒரு மிளகை எடுத்து முந்தானையில் துடைத்து என் கையில் வைத்தார்.

“இத விடக் கொறச்சல்தேன். கெட்டியாப் புடிச்சுக்க.”

பிடித்துக்கொண்டுதான் படுத்தேன். கால்களை மடக்கி விரிக்கச் சொன்னார்கள். உள்ளே கருவி வைத்தபோது இறுக்கமாக இருந்தது. பெரிதாக்கிப் பார்க்கும் கருவி வெளியேதான் நின்றது, என்னைத் தொடவில்லை. ஊறுகாய்க்குப் போடும் வினிகர் வாடையில் ஏதோ தடவினார்கள், எரிந்தது. மாறிய இடம் அதில் வெளுத்துத் தெரியுமாம். “இப்ப ஒரு கிள்ளு” என்றார் டாக்டர். மாதவிடாய் முதல் நாள் வலிபோல அடிவயிறு ஒருமுறை இழுத்துப் பிடித்தது. நான் சாமி பெயர்களைச் சொல்லி முடிப்பதற்குள் எழுந்திருக்கச் சொல்லிவிட்டார்கள்.

“ரத்தம் எம்புட்டுப் படும்?” கதவருகில் அக்கா.

“சில நாள் லேசாப் படும். நிறைய போனாலோ, காய்ச்சலோ கெட்ட வாடையோ இருந்தாலோ...” என்று தொடங்கிய டாக்டர் சுதாரித்துக்கொண்டார். “நிறையன்னா ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனையுற அளவு. உடனே வந்துடணும். ஒரு வாரத்துக்குத் தாம்பத்தியம் வேண்டாம்.”

அக்காவுக்குப் பரம திருப்தி. “அளவாப் பேசுறாக பாரு” என்றார்.

முடிவு வர இரண்டு வாரம். உண்மையில் அதுதான் வலித்தது. மெரூன் கேட்டவர்களுக்குப் பச்சை வெட்டிக் கொடுத்தேன். வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் மறுநாள் காலையில் மகளுக்குத் தானே சடை பின்ன உட்கார்ந்தார். கோணல்மாணலாக வந்தது.

முடிவு வாங்க அக்காவும் கூட வந்தார். “ரெண்டாவது படி. கேன்சர் இல்ல” என்றார் டாக்டர். மரத்துப்போக ஊசி போட்டு, சின்ன வளையக் கம்பியால் அந்த இடத்தை மட்டும் எடுத்துவிடலாம், ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்கவேண்டும் என்றார். அதெல்லாம் பிறகு நல்லபடியாக முடிந்தது. இப்போதும் சொன்ன தேதிக்குப் போய்க் காட்டிவருகிறேன்.

முடிவு சொன்ன அன்றைக்கு ‘எம்புட்டு?’ வரும் என்று அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். வரவில்லை. டேப்பை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தார். இரண்டு வாரமும் இவர் தைரியமாகத்தான் இருக்கிறார் என்று நம்பியிருந்தேன். வெளியே வந்ததும் கேட்டேன்.

“நீங்க எம்புட்டுப் பயந்தீகக்கா?”

துணி அளக்கிறமாதிரி இரண்டு கைகளையும் விரித்தார். எட்டுகிற மட்டும் விரித்தார். அப்படியே நின்று என்னைப் பார்த்தார்.

“கை பத்தலடி” என்றார்.