எக்கோ அண்ணாச்சியின் மொழிபெயர்ப்பு

மேடையில் ஒருவர் ஒரு வரி பேச, பக்கத்தில் நிற்பவர் அதை ஒன்பது வரியாக மொழிபெயர்த்த அதிசயத்தை இந்த உலகத்தில் ஏலப்பாறைப் பக்கத்து மலைக்காரர்களாகிய நாங்கள் மட்டும்தான் பார்த்திருக்கிறோம். எக்கோ அண்ணாச்சி மேடையில் நின்ற காலம்வரை, தமிழில் தான் என்ன பேசினோம் என்று தெரிந்துகொண்டு இந்த மலையை விட்டு இறங்கிய பிரசங்கியார் ஒருவர்கூடக் கிடையாது.

அவருக்கு எக்கோ என்று பெயர் வைத்தவன் எவனோ, மைக்செட் தொழில் தெரியாதவன். எக்கோ என்றால் சொன்னதையே திருப்பிச் சொல்ல வேண்டும். இவர் சொன்னதை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் சொல்வார். நான் மைக்செட் கடை வைத்திருந்தவன். மாரியம்மன் கொடை, கல்யாணம், கட்சிக் கூட்டம் என்று எல்லாவற்றுக்கும் பெட்டி கட்டியிருக்கிறேன். அவர் வாய்க்கு முன்னால் என் மைக்குகள் பட்ட பாடு எந்தக் கட்சிக்காரன் வாய்க்கு முன்னாலும் பட்டதில்லை. இந்த லட்சணத்தில், "உன் மைக்கு நனைஞ்ச பீடி மாதிரி இருக்குடே, இழுக்கவே மாட்டேங்கு" என்று மேடையிலிருந்தே என்னைத் திட்டுவார். அதுவும் அதே மைக்கில்.

ஒவ்வொரு மே மாதமும் எங்கள் மலையில் கிறிஸ்தவ வாலிபர் முகாம் ஒன்று நடக்கும். மலைக்குக் கீழேயிருந்து, மலையாளம் பேசுகிற கீழ்நாட்டுப் பிள்ளைகள் ஏசி பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். எங்கள் எஸ்டேட் லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைகள் தேயிலைக்கு நடுவே நடந்து வருவார்கள். இதில் சர்ச்சுக்குப் போகிற வீடு, கோயிலுக்குப் போகிற வீடு என்ற பேச்சே கிடையாது. அப்பாவும் அம்மாவும் கொழுந்து எடுக்கப் போய்விட்டால், பள்ளிக்கூடமும் லீவு என்றால், பிள்ளை எங்கேதான் போகும்? முகாமில் பாட்டு உண்டு, பந்து உண்டு, மத்தியானம் கோழிக்கறி உண்டு. ஒரே சங்கடம், பேசுகிறவர்கள் மலையாளத்தில் பேசுவார்கள். எங்கள் பிள்ளைகளுக்குக் கடை மலையாளம் வரும், பஸ் மலையாளம் வரும், பிரசங்க மலையாளம் வராது. அதைத் தமிழில் சொல்ல ஒரு ஆள் தேவைப்பட்டது.

முகாமில் வேலை செய்கிற எங்களுக்கு ஸ்டாஃப் என்று பெயர். ஸ்டாஃப் என்றால் சம்பளம் இல்லை, பனியன் உண்டு. மஞ்சள் பனியன், முதுகில் 'சேவகன்' என்று அச்சடித்திருக்கும். கமிட்டிக்காரர்கள் கழுத்தில் அட்டை தொங்கும். அட்டை விரலை நீட்டும், பனியன் மேசையைத் தூக்கும். பந்தியில் அட்டைகளுக்குக் கோழியின் காலும் பனியன்களுக்குக் கோழியின் கழுத்தும் வந்து சேரும். இத்தனை வருஷம் கழித்தும் கோழிக் கழுத்தைப் பார்த்தால் எனக்கு அந்த முகாம்தான் ஞாபகம் வருகிறது.

அண்ணாச்சி டீ ஃபாக்டரியில் கொழுந்து வாட்டுகிறவர். ஃபேன் இரைச்சலுக்கு மேல் கத்திக் கத்தியே வளர்ந்த தொண்டை. ஒரு மே மாதம் முகாமுக்கு டீத்தூள் மூட்டை இறக்க வந்தார். அன்று பார்த்து வழக்கமாக மொழிபெயர்க்கிறவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. கமிட்டித் தலைவரை நாங்கள் அச்சாயன் என்போம். சிரித்த முகம், வெள்ளை வேட்டி. சிரித்துக்கொண்டே கதவைச் சாத்துகிற ரகம். அவர் மூட்டை இறக்கியவரையே பிடித்து மேடைக்கு அனுப்பினார். நெற்றி நிறையத் திருநீறு இருந்ததைக் கடைசி நேரத்தில் கவனித்து, துடைத்துக்கொள்ளச் சொல்லிச் சைகை காட்டினார்.

"நெத்தியா சாறே பேசப் போவுது? வாய்தானே" என்று கேட்டுவிட்டு அண்ணாச்சி மைக்கைப் பிடித்தார்.

முதல் நாள் கொஞ்சம் நடுக்கத்தில் இருந்தார் என்று நினைக்கிறேன். வந்த சொல்லை வந்தபடியே தூக்கி வீசிக்கொண்டிருந்தார். பிரசங்கியார் உருக்கமாக, "இது தெய்வம் நிங்ஙள்க்கு தருந்ந அவசரமாணு!" என்றார். மலையாளத்தில் அவசரம் என்றால் வாய்ப்பு. தமிழில் அவசரம் என்றால் என்ன என்பது உங்களுக்கே தெரியும்.

"இது கடவுள் உங்களுக்குக் குடுக்கற அவசரம்!" என்றார் அண்ணாச்சி.

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிரசங்கியார், இந்த அவசரம் யாருக்கெல்லாம் வேண்டும், கையைத் தூக்குங்கள் என்றார்.

"யாருக்கெல்லாம் இப்ப அவசரம்? கையத் தூக்குங்க!"

காலையிலிருந்து அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த பிள்ளைகள். கைகள் மளமளவென்று மேலே போயின. சிலது சுண்டுவிரலை மட்டும் காட்டின. பிரசங்கியார் கண் கலங்கி, எழுந்து முன்னால் வரச் சொல்லி, "எழுந்நேற்று வரூ!" என்றார். "எந்திரிச்சுப் போங்க!" என்றார் அண்ணாச்சி, நிலைமையைப் புரிந்துகொண்டு. பாதிக் கூட்டம் கக்கூஸைப் பார்த்து ஓடியது. பிரசங்கியார் கண்ணை மூடி ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டிருந்ததால் அவர்கள் ஓடிய திசையைக் கவனிக்கவில்லை. திரும்பி வந்த முகங்களில் இருந்த நிம்மதியை மட்டும் பார்த்தார்.

அன்றோடு மொழிபெயர்ப்பு வேலையும் ஒரு மஞ்சள் பனியனும் அண்ணாச்சிக்கு நிரந்தரமாயின; அவரும் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். "சொல்லுக்குச் சொல் சொன்னா வம்புடே. இனிமே நான் விளங்குத மாதிரி சொல்லுதேன்" என்றார். விளங்குத மாதிரி என்றால், அவர் இஷ்டப்படி. பிரசங்கியார் வெளிநாட்டு விமானம் ஆட்டம் கண்ட கதையைச் சொன்னால், தமிழில் அது போடிமெட்டு வளைவில் பிரேக் பிடிக்காத பஸ்ஸாக வந்து நிற்கும். அதில் டிரைவருக்கு ஒரு மச்சான் இருப்பான், மச்சானுக்கு ஒரு ஆட்டுக்குட்டி இருக்கும். பிரசங்கியார் பாவம், கதை முடிகிறவரை வாயைத் திறந்தபடி நிற்பார். நடுவில், "ஏலேய், மூணாவது வரிசை, மூக்கத் தோண்டாத! இது கர்த்தர் சொல்லல, நான் சொல்லுதேன்" என்று கிளைச் செய்தி வேறு.

சாப்பாட்டு நேரத்திலும் அவர் லேசில் அடங்க மாட்டார். 'ஸ்பீக்கர்களுக்கு மட்டும்' என்று எழுதியிருந்த மேசையில் போய் உட்கார்ந்து கோழிக்கால் கேட்டார். அட்டைக்காரர் ஒருவர் எழுந்திருக்கச் சொன்னார். "அவுக பேசினதுல பாதி நான் பேசினதுதானே? நான் உக்காரக் கூடாதுன்னா, இந்தத் தம்பியோட ஸ்பீக்கர் பெட்டிய கொண்டாந்து உக்கார வைங்க" என்று என்னைக் கைகாட்டினார். நான் கழுத்தைக் கடித்தபடி குனிந்துகொண்டேன். எழுப்பித்தான் விட்டார்கள்.

இதெல்லாம் சிரிப்பு. ஒன்றை மட்டும் என்னால் சிரித்துத் தள்ள முடியவில்லை. ஒரு பிரசங்கியார் எங்கள் பிள்ளைகளைப் பார்த்து, உள்ளதைக் கொண்டு திருப்திப்பட வேண்டும் என்று பேசினார். கால்பகுதி ஓடு இல்லாத லயத்தில், ஒற்றை அறையில் குடும்பத்தோடு படுக்கிற பிள்ளைகளிடம். அண்ணாச்சி மைக்கைக் கீழே இறக்கி, "சாறே, அது இவிடெ வேண்டா" என்றார். பிரசங்கியார் மறுபடியும் அதையே சொன்னார். அண்ணாச்சி மைக்கைத் தூக்கினார்.

"சார் சொல்லுதாரு, பத்தாப்போட படிப்ப நிறுத்திராதீங்க. உங்களுக்கு வேணுங்கத வாயத் திறந்து கேளுங்க. கேக்கதுக்கு வெக்கப்படாதீங்க."

பிரசங்கியாருக்குச் சந்தேகம். தமிழிலும் திருப்தி உண்டு, அந்தச் சொல் காதில் விழவில்லையே. "திருப்தி பறஞ்ஞோ?" என்று கேட்டார். "பறஞ்ஞு சாறே" என்ற அண்ணாச்சி பிள்ளைகள் பக்கம் திரும்பி, "சாப்பாடு திருப்தியா இருந்துச்சா?" என்றார். "இருந்துச்சு!" என்று ஹால் அதிர்ந்தது. பிரசங்கியார் திருப்தியாக அடுத்த வரிக்குப் போனார்.

அச்சாயனுக்குத் தமிழ் தெரியும். பின்வரிசையில் சிரித்தபடி உட்கார்ந்திருந்தார்.

மறு வருஷம் முகாம் தொடங்கிய அன்று, ஹால் வாசலில் எங்கள் பிள்ளைகளை நிறுத்தினார்கள். மொழிபெயர்ப்பால் நேரம் இரட்டிப்பாகிறதாம், கீழ்நாட்டுப் பெற்றோர் புகார் சொல்கிறார்களாம். "தமிழ் குட்டிகள்க்கு வேறே சௌகரியம் செய்திட்டுண்டு" என்றார் அச்சாயன். சௌகரியம் என்பது சமையல்கட்டை ஒட்டிய தகர ஷெட். அதில் ஒரு டிவி. ஹாலில் பேசுவது டிவியில் தெரியும், அண்ணாச்சி அங்கே நின்று தமிழில் சொல்லிக்கொள்ளலாம். வயர் இழுத்துக் கொடுத்தது நான்.

ஒரு சிறுமி அண்ணாச்சியின் பனியனைப் பிடித்து, "நாங்க என்ன தப்பு செஞ்சோம் மாமா?" என்று கேட்டாள். அண்ணாச்சி நேரே அச்சாயனிடம் போனார். எப்போதும் சண்டைக்கு நிற்கிற மனுஷன் கையைக் கூப்பினார்.

"சாறே, தப்பு என் வாய் மேலதான். பிள்ளைகள உள்ள விடுங்க. கத பேச மாட்டேன். சொல்லுக்குச் சொல் சொல்லுதேன். சத்தியமா சுருக்கிக்கிடுதேன்."

"அடுத்த வர்ஷம் நோக்காம்" என்றார் அச்சாயன், அவர் தோளைத் தட்டியபடி.

அவர் கெஞ்சியதைப் பார்த்ததற்கு, மேடையில் என்னைத் திட்டியதே எவ்வளவோ மேல்.

பகல் கூட்டத்தில் மழை பிடித்துக்கொண்டது. தகரத்தில் விழுகிற மழைக்குக் கீழே டிவி வாயை மட்டும் அசைத்தது. அண்ணாச்சி டிவியில் காதை ஒட்டிக்கொண்டு கேட்டு, மைக்கில் சொன்னார். பஸ் இல்லை, மச்சான் இல்லை, ஆட்டுக்குட்டி இல்லை. கொடுத்த வாக்கைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். புதிதாக வந்திருந்த இளம் பிரசங்கியார் முடிக்கிற கட்டத்தில், கர்த்தருக்கு முன்னால் நாம் எல்லோரும் ஒன்று, ஒரே மேசையைச் சுற்றி உட்கார வேண்டியவர்கள் என்றார்.

"கர்த்தருக்கு முன்னால நாம எல்லாரும் ஒண்ணு" என்றார் அண்ணாச்சி. குரல் கொஞ்சம் மாறியிருந்தது. "ஒரே மேசையச் சுத்தி உக்கார வேண்டியவங்க."

"எழுந்நேற்று வரூ! மடிக்கேண்டா!" என்று டிவி கூப்பிட்டது.

அண்ணாச்சி பிள்ளைகளைப் பார்த்தார். "எந்திரிச்சு வாங்க. தயங்க வேண்டாம்."

மைக்கை என் கையில் வைத்துவிட்டு மழையில் இறங்கி நடந்தார். அத்தனை பிள்ளைகளும் பின்னாலேயே எழுந்து போயின. நனைந்த கால்களோடு ஹாலுக்குள் நுழைந்து, நாற்காலி வரிசைகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்தன. கீழ்நாட்டுப் பிள்ளைகள் சிலர் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார்கள். அந்தப் பிள்ளைகளை நான் குறை சொல்ல மாட்டேன். ஷெட் விஷயமே தெரியாத பிரசங்கியார், தன் அழைப்புக்கு இவ்வளவு பலனா என்று கையை விரித்து வரவேற்றார். பின்னாலேயே மைக்கோடு வந்து வாசலில் நின்ற என் காதில், அச்சாயன் ஓடிவந்து "மைக் ஆஃப் ஆக்கு" என்றார். எந்த மைக்கை? அண்ணாச்சிதான் ஒன்றுமே பேசவில்லையே.

மறுநாள் காலையில் அவரைக் கூப்பிட்டு, இனி வர வேண்டாம் என்றார்கள்.

"என்ன தப்பு சாறே? ஒரு வார்த்த கூட்டல, ஒரு வார்த்த குறைக்கல. அவரு சொன்னத அப்படியே சொன்னேன்."

"அதாணு பிரச்னம்" என்றார் அச்சாயன். அப்போதும் சிரித்தார்.

வாய்க்கு வந்ததைப் பேசிய காலமெல்லாம் வைத்துக்கொண்டார்கள். சொன்னதைச் சொன்னபடி சொன்ன ஒரே நாளுக்காக விரட்டினார்கள். பனியனையும் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். பிள்ளைகளை மறுபடி ஷெட்டில் உட்கார வைத்தார்கள். தமிழில் சொல்ல ஆள் இல்லை. மத்தியானத்துக்குள் ஒவ்வொன்றாக எழுந்து தேயிலைக்குள் இறங்கிப் போய்விட்டன. போகாதே என்று ஒரு அட்டைகூடச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு எங்கள் லயங்களுக்கு அழைப்பும் வரவில்லை. முகாம் இன்றும் எங்கள் மலையில்தான் நடக்கிறது, அன்பைப் பற்றித்தான் பேசுகிறார்கள். என்னை ஒரு தடவை கூப்பிட்டார்கள். பெட்டி ரிப்பேர் என்றேன். கடையில் அத்தனை பெட்டியும் பாடிக்கொண்டிருந்தபோதுதான் சொன்னேன், அவர்கள் காதில் விழட்டும் என்றே.

இந்த மே மாதம் ஏலப்பாறை பஸ் ஸ்டாண்டில் அண்ணாச்சியைப் பார்த்தேன். தலை முழுக்க வெளுத்துவிட்டது. குடையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"முகாம் இப்பவும் நடக்குதாடே?"

"நடக்கு அண்ணாச்சி."

"நம்ம பிள்ளைக யாராச்சும் போகுதா?"

"இல்ல அண்ணாச்சி."

தலையை மட்டும் ஆட்டினார். ஒரு வரிக்கு ஒன்பது வரி சொல்கிற மனுஷன், என் ஒரு வரிக்கு ஒன்றுமே சொல்லவில்லை. பஸ் வந்தது, ஏறாமல் அப்படியே நின்றார். என்னால் தாங்க முடியவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னையவாவது ரெண்டு திட்டு திட்டுங்க அண்ணாச்சி" என்றேன்.