வேலுசாமியின் மைனஸ் ஒன்று

வேலுசாமி யாரிடமும் ஒரு பைசா கடன் வாங்கியதில்லை. இதை அவர் வாயால் கேட்காத ஆள் திண்டுக்கல் காய்கறி மார்க்கெட்டில் கிடையாது. சேவுகம்பட்டியிலிருந்து வாடகை வண்டியில் தக்காளியும் கத்தரிக்காயும் ஏற்றித் தானே ஓட்டி வருவார். மூட்டை இறங்குவதற்கு முன்னால் இந்தப் பேச்சு இறங்கிவிடும்.

அப்படிப்பட்டவர் நாற்பத்தாறாவது வயதில் ஒரு முடிவு எடுத்தார். வாடகைக்குக் கொட்டிக் கொடுத்தது போதும். சொந்தமாக ஒரு லோடு வண்டி வாங்கி, முன் கண்ணாடியில் தன் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதிவிட வேண்டும். அதற்கு மட்டும், வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை, பேங்கில் கடன் கேட்பது. இவ்வளவு யோக்கியனுக்குக் கொடுக்காமல் வேறு யாருக்குக் கொடுப்பார்கள்?

மேனேஜர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். பிறகு வேலுசாமியைப் பார்த்தார்.

"உங்க சிபில் ஸ்கோர் மைனஸ் ஒண்ணு."

"பூஜ்யத்துக்கும் கீழயா சார்?"

"நீங்க கடனே வாங்குனதில்ல. வாங்கித் திருப்பிக் கட்டியிருந்தாத்தானே ஆள் எப்படின்னு எங்களுக்குத் தெரியும்?"

"வாங்காதவன நம்பக் கூடாதா?"

"நம்பலாம். லோன் குடுக்கத்தான் முடியாது. சின்னதா ஏதாச்சும் தவணையில வாங்கி, தேதி தவறாம கட்டுங்க. அப்புறம் வாங்க."

வேலுசாமிக்கு மனசு விட்டுப்போனது. இத்தனை வருஷம் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக்கொண்டு திரிந்தது ஒரு கழித்தல் குறியாகத் திரும்பி வந்திருக்கிறது.

வீட்டில் மனைவி நாகஜோதி ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள்.

"பேங்குல என்ன சொன்னாங்க?"

"என்னைய மாதிரி ஒரு ஆள பாத்ததே இல்லையாம்."

"அது சரி," என்றாள் அவள், தலையைத் தூக்காமல்.

உண்மையைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. காரணம் இருந்தது. முன்பொரு தடவை தவணையில் ஃபிரிட்ஜ் வாங்கலாமா என்று அவள் கேட்டதற்கு, ரெண்டு மணி நேரம் பிரசங்கம் செய்தவர் அவர். நல்லவேளையாக நத்தத்திலிருந்து அவள் அண்ணன் பெரியகருப்பன் தேங்காய் பழத் தட்டோடு ஃபிரிட்ஜைச் சீராகக் கொண்டுவந்து இறக்கினார். அப்புறம் வாஷிங்மெஷின் வந்தது. அதற்கப்புறம் மோட்டார் வைத்த தையல்மெஷின். ஒவ்வொரு சீருக்கும் வேலுசாமி அய்யலூர் சந்தைக்குப் போய்க் கிடா பிடித்து வந்து மச்சானுக்கு விருந்து வைத்தார்.

ஆக, யாருக்கும் தெரியாமல் ஒரு மிக்சியைத் தவணையில் வாங்கிவிடுவது என்று திட்டம் போட்டார். மறுநாள் ரவுண்டு ரோட்டுப் பக்கம் ஒரு வீட்டுச் சாமான் கடைக்குள் திருடன் மாதிரி நுழைந்தார். கவுண்டரில் இருந்த ஜெஸ்ஸி என்ற பெண் அவருடைய ஆதாரைப் பதிந்து பார்த்தாள்.

"உங்க பேர்ல தவணை ஏற மாட்டேங்குதுண்ணே. ஆமா, இது நாகஜோதி அக்கா வீட்டு அட்ரஸ்தானே?"

"என் வீட்டுக்காரிதான். ஒனக்கு எப்படித் தெரியும்?"

"நம்ம கடைக்குத் தங்கமான கஸ்டமர்ண்ணே. ஃபிரிட்ஜு, வாஷிங்மெஷினு, தையல்மெஷினு, மூணும் இங்கதான். அஞ்சாம் தேதி தவணைன்னா நாலாம் தேதியே கட்டிருவாங்க. மிக்சியயும் அக்கா பேர்லயே போட்டுருவமா?"

"அந்த ஃபிரிட்ஜு எங்க மச்சான் செஞ்ச சீரும்மா."

"வண்டியில ஏத்திட்டுப் போனது அவருதாண்ணே. பில்லு அக்கா பேர்ல இருக்கு."

வேலுசாமி மிக்சி இல்லாமல் வீடு வந்து சேர்ந்தார்.

"ஏத்தா, ஃபிரிட்ஜ யாரு வாங்குனது?"

"நான்தான். தச்ச கூலியில கட்டுனேன்."

"சீருன்னு சொன்ன?"

"தவணைன்னு சொல்லியிருந்தா வாசலோட திருப்பி அனுப்பியிருப்பீங்க. சீருன்னதும் நீங்களே ஒரு பக்கம் பிடிச்சு உள்ள தூக்கி வச்சீங்க."

"ஒங்க அண்ணனுக்கு மூணு கெடா வெட்டியிருக்கேன்."

"ரெண்டாவது கெடாவுலயே அண்ணனுக்குக் கூச்சமாப் போச்சு. வேணாம்னு சொல்லத்தான் செஞ்சுச்சு. நீங்க கேட்டாத்தானே?"

கோபப்படத்தான் நினைத்தார். ஆனால் அந்த நேரம் பார்த்து அவள் ஃபிரிட்ஜைத் திறந்து மோர் எடுத்துக் கொடுத்தாள். நல்ல வெயிலில் வந்திருந்தார். டம்ளரைக் காலி செய்தார். கடைசியில் மைனஸ் ஒன்று கதையையும் சொல்லித் தொலைத்தார். அவள் சிரிக்கவில்லை. அதுதான் அவருக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

"வண்டிதான வேணும்? நாளைக்கு நானும் வாரேன்."

மறுநாள் மேனேஜர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். "மேடத்தோட ஸ்கோர் எழுநூத்தித் தொண்ணூத்தி நாலு" என்றார். உடனே டீ சொன்னார். நாகஜோதிக்கு முதலில் வந்தது.

"ஜாமீனுக்கு நான் கையெழுத்துப் போடுறேன் சார்," என்று வேலுசாமி பேனாவை எடுத்தார்.

"உங்க கையெழுத்து வேண்டியதில்லைங்க," என்று மேனேஜர் தாளை நாகஜோதி பக்கம் நகர்த்தினார். "வண்டி உங்க பேர்லதான் வரும் மேடம். ஓட்டுறதுக்கு நம்பிக்கையான ஆள் யாராச்சும் இருக்காங்களா?"

நாகஜோதி பக்கத்து நாற்காலியைச் செத்த நேரம் பார்த்தாள்.

"ஒருத்தரு இருக்காரு சார். ஒரு மாசம் ஓட்டட்டும், பாத்துட்டுச் சொல்றேன்."